ஏவுதற்கருத்தாவும் இயற்றுதற்கருத்தாவும்: கம்பம் பள்ளத்தாக்குக் கற்சிற்பியின் படைப்பு வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

சிற்பி ஒருவரின் படைப்பு வாழ்வை ஆராய்வோர் அவருடைய பிறப்பு, ஆசிரியர், பயின்ற இடம், பட்டறைப் பழக்கம் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். தேனி மாவட்டத்துப் பழங்கற்படைப்புகளைச் செய்தோர்க்கு அத்தகைய தரவு எதுவும் இல்லை. புலிமான்கோம்பை நடுகற்கள் இறந்துபட்டோரின் பெயரைத் தருகின்றன. உத்தமபாளையம் சமணத் திருமேனிகள் அவற்றைச் செய்வித்தோரின் பெயரைத் தருகின்றன. செய்தோர் பெயர் எங்கும் இல்லை. தமிழிலக்கணம் வகுத்த ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என்னும் பாகுபாட்டைக் கருவியாகக் கொண்டு இவ்விடைவெளியை இக்கட்டுரை அணுகுகிறது. கல்வெட்டின் பிறவினைச் சொல் சிற்பியை மறைக்கவில்லை. அவருக்கான இடத்தை விட்டுவைத்திருக்கிறது. அவ்விடத்தை மூடியது பிற்கால வரலாற்று எழுத்தின் தன்வினை நடையே. எனவே திருமேனியையே சிற்பியின் வாழ்க்கை ஆவணமாகப் படிக்கும் முறை தேவை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: உத்தமபாளையம், அச்சணந்தி, புலிமான்கோம்பை, நடுகல், சமணச் சிற்பம், பிறவினை, கற்றச்சர், கை அடையாளம்.

முன்னுரை

முல்லைப் பெரியாற்று அணையின் பணி 1887இல் தொடங்கி 1895இல் நிறைவுற்றது. கம்பம் பள்ளத்தாக்கில் எவரைக் கேட்டாலும் அது 'பென்னிகுக் கட்டிய அணை' என்பர். லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் சிலையும் உள்ளன. பொங்கல் நாளில் அவருக்குப் பொங்கலிட்டு வழிபடுவோரும் உளர். இந்த நன்றியுணர்வு நியாயமானது. ஆயினும் கல் சுமந்தும் சுண்ணாம்பு குழைத்தும் காட்டுக் காய்ச்சலால் மாண்டும் அவ்வணையை எழுப்பியோர் 'கட்டிய' என்னும் அவ்வொரு பெயரெச்சத்துக்குள் அடங்கிப்போகின்றனர். கட்டுவித்தவர் கட்டியவராகவே நினைவில் நிலைக்கிறார்.

இப்பள்ளத்தாக்கின் சிற்ப வரலாற்றிலும் இதே வழக்கு செயற்படுகிறது. உத்தமபாளையத்தில் பாறை முகப்பில் செதுக்கப்பட்டுள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளை 'அச்சணந்தி செதுக்கிய சிற்பங்கள்' என்று எழுதும் வழக்கம் பொதுநிலைக் கட்டுரைகளிலும் சுற்றுலாக் குறிப்புகளிலும் பரவியுள்ளது. அச்சணந்தி சமணத் துறவி. பாண்டிநாடெங்கும் திருமேனிகள் உருவாகக் காரணமாக இருந்தவர். அவர் உளி பிடித்தவர் என்பதற்குச் சான்றில்லை. அவ்வாறாயின் உளி பிடித்தவர் யார்? அவருடைய பயிற்சி எத்தகையது? அவருக்கு வாய்த்த பட்டறை எது? எதில் அவர் பிறரைப் பின்பற்றினார், எதில் தம் விருப்பப்படி செய்தார்? பெயர் தெரியாத சிற்பியைக் குறித்தும் இவ்வினாக்களை எழுப்ப இயலும், ஓரளவு விடை காணவும் இயலும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருத்தா இருவகை

வேற்றுமை மயக்கமின்றிப் பொருளுணர்த்தத் தமிழிலக்கணம் கருத்தாவை இருவகைப்படுத்தும். ஒரு செயலைத் தானே செய்வோர் இயற்றுதற்கருத்தா. பிறரைக்கொண்டு செய்விப்போர் ஏவுதற்கருத்தா. கோயிலொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டால் தச்சர் முன்னவர், அரசர் பின்னவர். இருவரும் மூன்றாம் வேற்றுமை உருபையே பெறுவர்; 'அரசனால் ஆகிய கோயில்' எனவும் 'தச்சனால் ஆகிய கோயில்' எனவும் கூறலாம். பெயரின் உருபு வேறுபாட்டைக் காட்டாத இடத்தில் வினை அதனைக் காட்டுகிறது. 'செய்' என்னும் வினையோடு 'வி' சேர்ந்து 'செய்வி' ஆகும்பொழுது செய்பவர் ஒருவர், செய்யத் தூண்டுபவர் ஒருவர் என இருவர் தோன்றுகின்றனர். அவருள் ஒருவர் மட்டுமே தொடரில் பெயரோடு நிற்கிறார். மற்றவர் விகுதிக்குள் நிற்கிறார்.

தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வேறுபாட்டைத் தொடக்கக் காலத்திலிருந்தே பேணின. மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூர்த் தமிழ்பிராமிக் கல்வெட்டு, குகைத்தளத்தை அமைத்தளித்தவரைக் 'கொட்டுபிதோன்' என்கிறது. கொட்டுதல் என்பது கல்லைக் கொத்துதல். கொட்டுபிதோன் என்பவர் கொத்தச் செய்தவர். ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்து தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனும் 'நாம் எடுப்பிச்ச' கற்றளி என்றே பொறிக்கச் செய்தான். தன் புகழைக் கல்லில் நிறுத்த முனைந்த பேரரசனும் 'எடுத்த' என்று எழுதவில்லை என்பது எண்ணத்தக்கது. இன்றோ பாடநூலும் மேடைப்பேச்சும் 'இராசராசன் கட்டிய கோயில்' என்று தயக்கமின்றிக் கூறுகின்றன. பிறவினை தன்வினையாக மாறிய இவ்வழக்கில் இழக்கப்பட்டது ஓரெழுத்து விகுதி மட்டுமன்று. அதற்குள் நின்ற மனிதரும்தான்.

நடுகல் மரபில் செதுக்குவோர்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வையையாற்றுப் பகுதியில் அமைந்தது புலிமான்கோம்பை. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்குக் கண்டெடுத்த தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள் மூன்றும் இந்தியாவின் மிகத் தொன்மையான எழுத்துடை நடுகற்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. அவற்றின் காலத்தைக் கி.மு. நூற்றாண்டுகளுக்குக் கொண்டுசெல்வர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் பட்ட தீயன் அந்தவன் என்பானுக்குரியது. பிற்காலச் செங்கம் நடுகற்களில் காணப்படுவது போன்ற வீரனின் உருவம் இவற்றில் இல்லை. எழுத்து மட்டுமே உள்ளது.

உருவம் இல்லாமையால் இவற்றைச் சிற்ப வரலாற்றுக்கு வெளியே நிறுத்துவது பொருந்தாது. பலகைக்கல் ஒன்றைத் தேர்ந்து, அதன் முகத்தை எழுத்தேற்கும் அளவுக்கு ஒழுங்குசெய்து, சொற்களைக் கல்லின் அகலத்துக்கேற்ப வரிபிரித்துக் கொத்தியவர் ஒருவர் இருந்தார். எழுத்தறிந்தவரும் கொத்தியவரும் ஒருவரா இருவரா என்பதே ஆய்வுக்குரிய வினா. எனினும் கல் வீரனின் பெயரைச் சொல்லுகிறது, ஊரைச் சொல்லுகிறது, பூசலைச் சொல்லுகிறது, கொத்தியவரைச் சொல்லவில்லை.

இலக்கண மரபும் இந்நிலையையே காட்டுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் வழிபாட்டைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுக்கிறது. கல்லைக் காண்பதும், கொணர்வதும், நீராட்டுவதும், நடுவதும் தனித்தனித் துறைகளாயின. கல்லைச் செதுக்குவது தனித் துறை ஆகவில்லை. செதுக்கப்படாமல் கல் நடுகல் ஆவதில்லை. ஆயினும் பாடுபொருள் வரிசையில் செதுக்கலுக்கு இடம் கிடைக்கவில்லை.

இம்மரபைக் காப்பியமாக விரித்த சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் இன்னும் தெளிவான சான்று. கண்ணகிக்குக் கல் எடுக்கச் செங்குட்டுவன் இமயம் செல்கிறான். கனகனும் விசயனும் அக்கல்லைச் சுமக்கின்றனர். கங்கையில் அது நீராட்டப்படுகிறது. படிமத்தை இயற்றியோரைக் குறிக்கும் இடத்தில் காப்பியம் 'வித்தகர்' என்னும் பொதுப்பெயரோடு நின்றுவிடுகிறது. கல்லைச் சுமந்தோரின் பெயர் தெரிந்த அளவுக்குக் கல்லைச் செதுக்கியோரின் பெயர் தெரியவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில், பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி கோட்டமாக அடையாளம் கண்ட மங்கலதேவிக் கோயில் சிதைந்த கற்றளியாக நிற்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் கூடலூர், பளியன்குடி வழியாக மலையேறும் மக்கள் வணங்குவது கண்ணகியை. அக்கற்றளியை எடுத்த வித்தகர் அங்கும் பெயரற்றவரே.

உத்தமபாளையம்: பெயர்களின் வரிசை

உத்தமபாளையத்துச் சமணக் குன்று கல்வெட்டில் திருக்குணகிரி எனப்படுகிறது. இன்று அங்குள்ள கருப்பணசாமி கோயிலால் அப்பாறை மக்களிடையே அறியப்படுகிறது. பாறையின் முகப்பில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகப் புடைப்புருவங்களாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றையொட்டி வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. எழுத்தமைதி கொண்டு இவை கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பர். இக்கல்வெட்டுகளில் இடம்பெறும் பெயர்களுள் முதன்மையானது அச்சணந்தி.

அச்சணந்தியின் பெயர் உத்தமபாளையத்தில் மட்டும் காணப்படுவதன்று. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, சமணர்மலை, ஐவர்மலை எனப் பாண்டிநாட்டின் பல குன்றுகளில் அது இடம்பெறுகிறது. அழகர்மலையில் 'அச்சணந்தி செயல்' எனப் பொறிக்கப்பட்டுள்ளது. சமணர்மலையில் அவருடைய தாயார் குணமதியார் 'செய்வித்த திருமேனி' ஒன்று உள்ளது. இவ்விரு தொடர்களும் ஒப்பிடத்தக்கவை. 'செயல்' என்னும் தொழிற்பெயர் தன்வினைக்கும் பிறவினைக்கும் பொதுவாக நிற்கக்கூடியது. அதனை மட்டும் கொண்டு அச்சணந்தியே செதுக்கினார் என்றும் கூறலாம், செதுக்குவித்தார் என்றும் கூறலாம். 'செய்வித்த' என்பதோ ஐயத்துக்கு இடந்தராது. இத்திருமேனிகளைக் குறிக்கும் பிற கல்வெட்டுகளில் 'செய்வித்த' என்னும் வாய்பாடே மிகுதி என்பதால் 'செயல்' என்பதையும் அவ்வழியே பொருள்கொள்வது முறை. செய்வித்தவரின் தாயார் பெயர் வரை அறியக் கிடைக்கும் இவ்வாவணத் தொகுதியில், செய்தவரின் பெயர் ஓரிடத்தும் இல்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். கைவினைஞர் கல்வெட்டில் பெயர் பெறாமைக்குக் காரணம் அவர்தம் சமூகத் தாழ்நிலை என்பது அது. கழுகுமலைச் சான்று இம்மறுப்பைத் திருத்திக்கொள்ளச் செய்கிறது. அங்குள்ள ஏறத்தாழ 100 வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் திருமேனி செய்வித்தோர் வரிசையில் தச்சர், குயவர் முதலிய கைவினைஞரும் இடம்பெறுகின்றனர். கைவினைஞருக்குப் பெயர் மறுக்கப்படவில்லை. கைவினைக்குத்தான் பெயர் மறுக்கப்பட்டது. தச்சர் ஒருவர் பொருளளித்துத் திருமேனி செய்வித்தால் பெயர் பெறுவார். தம் கையால் செய்தால் பெறமாட்டார். அக்காலக் கல்வெட்டின் கணக்கில் புண்ணியம் ஏவுதலுக்கு உரியதாக இருந்தது. இயற்றுதல் ஊதியத்தோடு முடிந்தது.

பாறையே பட்டறை

சிற்பநூல்கள் கல் தேர்வை விரிவாகப் பேசுகின்றன. மயமதம் முதலிய நூல்கள் கற்களை ஆண், பெண், அலி என வகைப்படுத்தி, தட்டும்பொழுது எழும் ஒலியால் தரமறியும் முறையையும் கூறுகின்றன. மாமல்லபுரத்துச் சிற்பியர் இன்றும் கல்லைத் தட்டி ஒலி கேட்டே உள்வெடிப்பை அறிகின்றனர். நல்ல கல்லில் ஒலி தெளிவாக நீளும். வெடிப்புள்ள கல்லில் அது மழுங்கும். தேர்ந்த கல்லைக் கொணர்ந்து, கிடத்தி, செங்காவியால் கோடிட்டு, தாலக்கணக்கின்படி உறுப்பளவு குறித்து, வேண்டியவாறு திருப்பிச் செதுக்குவதே பட்டறை முறை.

உத்தமபாளையத்துச் சிற்பிக்கு இவ்வசதிகள் பலவும் இல்லை. கல் தேர்வு அவருடையதன்று. குன்றைத் தேர்ந்தவர் துறவி. பாறையைத் திருப்ப இயலாது. உடலைத்தான் திருப்ப வேண்டும். உயரத்தில் உள்ள உருவங்களுக்குச் சாரம் கட்டியாக வேண்டும். வெயில் எத்திசையில் விழுகிறதோ அதற்கேற்பவே புடைப்பின் ஆழம் கண்ணுக்குத் தெரியும். பாறையின் இயல்பான வெடிப்பும் வளைவும் உருவம் அமையும் இடத்தை முடிவுசெய்யும். பாறைமுகப்பு வரிசைகளில் திருமேனிகளின் அளவும் இடைவெளியும் வேறுபடுவதற்குக் கொடையாளரின் வேறுபாடு மட்டும் காரணமாகாது. பாறை இடங்கொடுத்த அளவும் காரணம்.

புடைப்புச் சிற்பத்தின் தொழில்நுட்பம் இங்குக் கருதத்தக்கது. தனித்து நிற்கும் சிலையில் சிற்பி எல்லாப் பக்கமிருந்தும் உருவத்தை நோக்கிச் செல்கிறார். பாறைப் புடைப்பில் ஒரே பக்கமிருந்து உள்நோக்கிச் செல்கிறார். பாறையின் பழைய மேற்பரப்பே உருவத்தின் மிக உயர்ந்த புள்ளியாகும்; மூக்கு, முழங்கால், மேலே கவிந்த முக்குடையின் விளிம்பு ஆகியவை அம்மேற்பரப்பிலிருந்து தப்பி நிற்பவை. முதலில் உருவத்தைச் சுற்றியுள்ள பாறையை ஒரு மாடம் போலத் தாழ்த்த வேண்டும். பின்னரே முகமும் உடலும் வடிவுபெறும். எவ்வளவு ஆழம் தாழ்த்துவது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்தாக வேண்டும். பின்னர் மாற்ற இயலாது. ஒரு வெட்டுப் பிழைத்தால் கல்லை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுக்கும் வாய்ப்பும் இல்லை. ஆகவே இத்தகைய சிற்பியின் முதன்மைப் பழக்கம் குறைவாக நீக்குதல், தாமதித்து நீக்குதல் என்பதாகவே இருந்திருக்க வேண்டும்.

உளியைப் பற்றியும் ஓர் ஊகம் செய்யலாம். கடினமான கல்லில் உளிமுனை விரைவில் மழுங்கும். மீண்டும் உலையில் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கூராக்க வேண்டும். இன்றைய கருங்கல் பட்டறைகளிலும் உலை இல்லாமல் பணி நடப்பதில்லை. எனவே குன்றின் அடிவாரத்தில் கரியும் துருத்தியும் நீரும் உதவியாளரும் இருந்திருப்பர். தனித்த மேதை ஒருவர் பாறை முன் நின்று செதுக்கிய காட்சி நவீனக் கற்பனை. அங்கு இருந்தது ஒரு சிறு குழு. அதில் தலைமைக் கையும் இருந்தது, பயிலும் கைகளும் இருந்தன.

இப்பணிமுறையை விளக்க, நிறைவுறாத பணிகளே சிறந்த சான்று. கழுகுமலை வெட்டுவான் கோயில் பாறையை மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செய்யப்பட்டது. விமானத்தின் மேற்பகுதி நிறைவுற்றும் அடிப்பகுதி நிறைவுறாமலும் நிற்கிறது. மேற்பகுதியின் நுணுக்கப் பணியை முடித்த பின்னரே கீழிறங்கினர் என்பதை அது காட்டுகிறது. தந்தையான சிற்பி தொழிற்போட்டியால் மகனைக் கொன்றதாக அக்கோயிலைக் குறித்து ஒரு கதை வழங்குகிறது. வரலாற்றுச் சான்றாக அதனைக் கொள்ள இயலாது. ஆயினும் கல்வெட்டு விட்டுவைத்த வெற்றிடத்தை மக்கள் தம் கதையால் நிரப்ப முயன்றனர் என்பதற்கு அது சான்றாகும்.

விதியும் விருப்பும்

தீர்த்தங்கரர் திருமேனி சிற்பிக்கு மிகக் குறைந்த உரிமையை அளிக்கும் வடிவம். அணிகலன் இல்லை, ஆயுதம் இல்லை, கைச்சைகைகளின் பன்மை இல்லை, முகத்தில் உணர்ச்சி வேறுபாடு கூடாது. அமர்ந்த நிலை, நின்ற நிலை இரண்டே. தாலக்கணக்கு உறுப்பளவைக் கட்டுப்படுத்துகிறது. உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலமாகப் பகுக்கப்படும். விதிக்கப்பட்ட இவ்வடிவத்தைப் பலமுறை செய்பவரிடம் படைப்பு எங்கே இருக்கிறது?

பாண்டிநாட்டுச் சமணப் புடைப்புருவங்களை ஒருசேர நோக்கும்பொழுது விடை புலப்படுகிறது. மைய உருவம் அசைவற்றது. அசைவு முழுவதும் சூழலுக்குத் தள்ளப்படுகிறது. சாமரம் ஏந்துவோரின் இடை வளைவு, பார்சுவநாதருக்கு மேல் விரியும் நாகப்படங்களின் அடுக்கு, முக்குடை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுகும் அளவு ஆகியவற்றில் சிற்பியின் முடிவுகள் தெரிகின்றன. கழுகுமலையில் பாறையை வீச முற்படும் கமடனும், சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கும் அம்பிகையும் இவ்வுரிமையின் உச்சங்கள். உத்தமபாளையத்தில் அத்தகைய கதைக்காட்சிச் செழுமை இல்லை. இங்குள்ள சிற்பி சுருக்கத்தையே நாடினார். இதனைத் திறன்குறைவு என்று மதிப்பிடுவது எளிது. ஆயின் எளிமையை நோன்பாகக் கொண்ட சமயத்தின் திருமேனிக்குச் சுருக்கமே தகுந்த நடை என்பதையும் எண்ண வேண்டும். கழுகுமலை கற்பனை விரிவால் ஈர்க்கிறது. உத்தமபாளையம் ஒரே உருவம் மீண்டும் மீண்டும் வருவதால் உண்டாகும் அமைதியால் ஈர்க்கிறது.

தாக்கம் குறித்த வினாவும் இங்கே எழுகிறது. அச்சணந்தியின் பெயர் காணப்படும் குன்றுகள் மதுரையைச் சூழ்ந்தும் அதற்கப்பாலும் பரவியுள்ளன. துறவியோடு ஒரே சிற்பிக்குழு பயணம் செய்ததா, ஊர்தோறும் உள்ளூர்த் தச்சர் அமர்த்தப்பட்டனரா? முன்னது உண்மையாயின் எல்லாக் குன்றுகளிலும் ஒரே கைப்பழக்கம் தெரிய வேண்டும். பின்னது உண்மையாயின் மைய உருவத்தில் ஒற்றுமையும் சூழுருவங்களில் வேறுபாடும் தெரிய வேண்டும். ஏனெனில் மையத்தை விதி காக்கும், சூழலைக் கை தீர்மானிக்கும். பழைய திருமேனியைப் புதுப்பிக்கும் பணியும் இதற்குள் அடங்கும். ஐவர்மலையில் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் சாந்திவீரக்குரவர் புதுக்கியதைக் கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு குறிக்கிறது. அங்கும் துறவியின் பெயருக்குப் பின்னால், முன்னோர் செய்த உருவத்தைக் கூர்ந்து கற்றுத் தம் கையை அதற்கு இணங்கச் செய்த ஒரு சிற்பி இருந்திருக்க வேண்டும்.

பெயரின்மை பெருமையா?

இந்தியச் சிற்பியின் பெயரின்மையை ஆன்மிகப் பண்பாக விளக்கும் மரபொன்று உண்டு. ஆனந்த குமாரசாமி இதன் முதன்மைக் குரல். மரபுக்கலையில் கலைஞன் தன்னை முன்னிறுத்துவதில்லை. பெயரின்மை அகந்தையின்மையின் வெளிப்பாடு என்பது அவர் கருத்தின் சாரம். மேலைநாட்டுத் தனிமனிதக் கலைக்கோட்பாட்டை எதிர்க்கும் அவருடைய நோக்கம் மதிக்கத்தக்கது. ஆயினும் சான்றுகள் அவர் கருத்தை முழுமையாகத் தாங்கவில்லை. பட்டடக்கல் விருபாட்சர் கோயிலில் குண்டன் அனிவாரிதாசாரி என்னும் தச்சரின் புகழ் பொறிக்கப்பட்டுள்ளது. போசளர் கோயில்களில் தாசோசர், மல்லிதம்மர் முதலிய சிற்பியர் தம் பெயரைத் தாமே பொறித்தனர். தஞ்சைக் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைக் குறிக்கிறது. வாய்ப்பும் அதிகாரமும் கிட்டிய இடங்களில் சிற்பியர் பெயர் பொறித்தனர், பெயர் பெற்றனர். எனவே உத்தமபாளையத்துப் பெயரின்மையைத் துறவாக அன்றி, கல்வெட்டில் எவருடைய செயல் கணக்கில் ஏறியது என்னும் சமூக வழக்கின் விளைவாகவே கொள்ள வேண்டும்.

பெயர் பெற்ற சிற்பியர்

20ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி வண்ண ஓவியம், சிற்பம் இரண்டிலும் பயிற்சியுடையவர். மயிலாப்பூரில் 1919இல் பிறந்த எஸ். தனபால் அவரிடம் பயின்று, ஓவியராகத் தொடங்கிச் சிற்பத்துக்கு வந்து, பின்னர் அக்கல்லூரியின் முதல்வரானார். அவருடைய வாழ்க்கை 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்னும் நூலாகவே கிடைக்கிறது. ஆசிரியர், நண்பர், பழக்கம், தாக்கம் எனத் திறனாய்வுக்கு வேண்டிய அனைத்தும் இத்தகைய சிற்பியர்க்கு உண்டு. மரபுவழியில் வந்த வை. கணபதி ஸ்தபதியும் பெயரோடு அறியப்படுகிறார். 2000ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையின் 38 அடிப் பீடமும் 95 அடி உருவமும் அவருடைய முடிவுகளாகவே பேசப்படுகின்றன.

ஆயினும் பழைய இலக்கணம் முற்றிலும் மறையவில்லை. 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில் நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முனைகின்றனர். பாறையோடு போராடும் பெயரற்ற மனிதர் முதன்முதலாகப் பீடத்தின் மேல் ஏறினர். ஆனால் பாடுபொருளாகவே ஏறினர். குமரிமுனைச் சிலையிலும் வடிவமைத்தவரின் பெயர் நிற்கிறது. கல்லுடைத்தும் உளிபிடித்தும் உழைத்த நூற்றுக்கணக்கானோர் தொகையாகவே நிற்கின்றனர். அரசரின் இடத்துக்கு முதன்மைச் சிற்பி வந்துள்ளார். கடைசிக் கையின் இடம் இன்னும் விகுதிக்குள்தான்.

கை அடையாளம் காணல்

பெயர் இல்லாத இடத்தில் திறனாய்வு என்ன செய்யலாம்? மேலைக் கலைவரலாற்றில் இதற்கு வழிகள் காணப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான சியோவன்னி மொரெல்லி, காது, விரல், நகம் போன்ற சிறு உறுப்புகளைக் கொண்டு ஓவியரை அடையாளம் காணலாம் என்றார். முகமும் தோரணையும் விதிப்படி அமைபவை. சிறு உறுப்புகளோ பழகிய கை தன்னறியாமல் செய்பவை. இம்முறையைப் பின்பற்றி சான் பீஸ்லி கிரேக்க மட்கலன் ஓவியங்களை வகைப்படுத்தினார். பெயரறியப்படாத ஓவியர் ஒருவருக்கு, அவர்தம் சிறந்த கலன் இருக்கும் நகரத்தைக்கொண்டு 'பெர்லின் ஓவியர்' எனப் பெயரிட்டார். பெயர் ஆய்வாளர் இட்டதே; ஆயினும் அப்பெயர் வந்த பின்னரே அவ்வோவியரின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் பேச இயன்றது.

இம்முறை பாண்டிநாட்டுச் சமணச் சிற்பங்களுக்குப் பெரிதும் பொருந்தும். மைய உருவம் விதியால் ஒன்றாக இருப்பதால் வேறுபாடு கைப்பழக்கத்தில் மட்டுமே வெளிப்படும். காதின் நீளமும் மடிப்பும், நாகப்படங்களின் இணைப்பு, முக்குடையின் விளிம்பு, சாமரம் பிடித்த விரல்கள், மாடத்தின் ஆழம், உளித்தடத்தின் சாய்வு ஆகியவற்றைக் குன்றுதோறும் அளந்து ஒப்பிட வேண்டும். கல்வெட்டெழுத்தின் அமைதியைக் கொண்டு காலம் கணிப்பதில் காட்டப்படும் நுணுக்கம் உருவத்தின் அமைதிக்கும் காட்டப்பட வேண்டும். உத்தமபாளையத்தில் தலைமைக் கை ஒன்று புலப்படுமாயின், அதனை 'உத்தமபாளையத் தச்சர்' என்று வழங்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் புலப்பட்டால் அவற்றையும் அவ்வாறே எண்ணிட்டு வழங்கலாம். குழுப்பணியில் தனிக்கை தேடுவது பிழை என்னும் மறுப்பு இதனால் வலுவிழக்கும். குழு என்பதே கைகளின் தொகை.

இப்பணி காலங்கடத்தத்தக்கதன்று. திறந்த பாறையில் உள்ள புடைப்புருவம் மழையாலும் வெயிலாலும் தேய்கிறது. எண்ணெய்ப் பூச்சும் கிறுக்கலும் பல குன்றுகளில் காணப்படுகின்றன. முதலில் தேய்பவை உயர்ந்த புள்ளிகளும் நுண்ணிய விளிம்புகளும். அவையே கை அடையாளம் தங்கும் இடங்கள். எழுத்துக்குப் படியெடுத்த மைப்படிகள் காப்பகங்களில் உள்ளன. தச்சரின் கைக்கு இருக்கும் ஒரே படி அப்பாறைதான்.

முடிவுரை

புலிமான்கோம்பை முதல் மங்கலதேவி வரை, தேனி மாவட்டக் கற்படைப்புகளில் வீரர், துறவி, கொடையாளர், தெய்வம் ஆகியோர் பெயரோடு நிற்கின்றனர். செய்தோர் பெயரின்றி நிற்கின்றனர். கல்வெட்டின் பிறவினை வாய்பாடு ஏவியவரைக் கூறியபொழுதே, இயற்றியவர் வேறொருவர் என்பதை மறைக்காமல் உணர்த்தியது. பிற்கால எழுத்து அப்பிறவினையைத் தன்வினையாக்கி அவ்வுணர்த்தலையும் நீக்கிவிட்டது. எனவே செய்ய வேண்டிய முதற்பணி மொழி சார்ந்தது: 'அச்சணந்தி செதுக்கிய' என்று எழுதும் இடத்தில் 'அச்சணந்தி செய்வித்த' என்று எழுதுதல். அடுத்த பணி கலை சார்ந்தது: பாறை விதித்த வரம்புக்குள்ளும் சமயம் விதித்த வரம்புக்குள்ளும் ஒரு கை எடுத்த முடிவுகளைத் திருமேனியிலிருந்து படித்தல். அச்சணந்தியின் அறச்செயல் இதனால் குறைவுபடாது. அவர் செய்வித்தார் என்று பொறித்த கல்வெட்டே, செய்தவர் ஒருவர் உண்டு என்பதற்கு முதற்சான்றாக நிற்கும்.